அக்கா வாங்கிய துவக்கு

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் டோர்ட்மண்டில் நாங்கள் இருந்த தெருவிலேயே நல்ல கார் அவருடையதுதான். ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்த அன்று மாலையே போய் வாங்கிவிட்டார். அதன்பிறகு தேர்வில் ஒருமுறை தோற்றார், மறுமுறையும் தோற்றார், மூன்றாம் முறை தேர்வு அதிகாரியோடு சண்டை போட்டார். அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. கார் மட்டும் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. மூன்றாம் மாடியில் குடியிருந்த எனக்கு லைசென்ஸ் இருந்தது, கார் இல்லை. இரண்டாம் மாடி அக்காவுக்கு நான் சாரதியானது இப்படித்தான்.

நான் மதுரைக்காரன். சாப்ட்வேர் வேலைக்காக அந்த ஊருக்குப் போனவன். அக்காவும் அவர் கணவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், எனக்கு ரொம்ப வருஷம் முன்பே அகதிகளாக வந்து, ஜெர்மன் குடியுரிமையும் வாங்கி, ஊன்றிப்போனவர்கள். அவர்கள் பேசுகிற தமிழில் பாதி எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. புரிந்த பிறகு, புரியாமலே இருந்திருக்கலாமோ என்று சில சமயம் தோன்றியிருக்கிறது.

அக்காவுக்கு ஒரு கொள்கை இருந்தது. "பழகிறதுக்கு எண்டு மலிவா வாங்கினா, மலிவைத்தான் தம்பி பழகுவம்." இதை ஒரு நீதிபதியைப் போலச் சொல்வார். வீணை கற்க ஆசை வந்தபோது தஞ்சாவூரிலிருந்து விமானத்தில் வீணை வந்தது. ஒரு வகுப்புக்குப் போனார். கேக் செய்யலாம் என்று தோன்றியபோது ஓட்டல்களில் வைக்கிற அடுப்பு வந்து சமையலறைக் கதவுக்குள் நுழையாமல் நின்றது, கதவைக் கழற்றினார்கள். அதில் வெந்த ஒரே கேக் என் பிறந்தநாளுக்கானது, நடுவில் வேகவும் இல்லை. பனிச்சறுக்குக்கான பூட்ஸை மாட்டிக்கொண்டு தபால் பெட்டிவரை ஒருமுறை நடந்ததை நானே ஜன்னலிலிருந்து பார்த்தேன். எதையும் ஒரு தடவை செய்து முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு "பாத்தாச்சு" என்பார். அந்தப் பொருள் நிலவறைக்குப் போய்விடும். இழப்பு என்ற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. கல்யாண மேடை அலங்காரத்தில் கை நிறையச் சம்பாதித்தார், கை நிறையச் செலவழித்தார்.

அவர் கணவர், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், இதற்கு நேர் எதிர். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தார். அவருடைய செல்போன் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கும். அக்கா எதை வாங்கிக்கொண்டு வந்தாலும் தலை நிமிர்ந்து ஒருமுறை பார்த்து "நல்லது" என்பார், மறுபடி டிவியைப் பார்ப்பார். கதவைக் கழற்றியபோதும் "நல்லது" என்றார். அந்த மனிதர் ஒன்றை வேண்டாம் என்று சொன்னது அந்தத் துவக்கு விஷயத்தில் மட்டும்தான்.

துவக்கு என்றால் துப்பாக்கி. அந்தச் சொல்லையே நான் அக்காவிடம்தான் கற்றேன்.

ஊருக்கு வெளியே, மலைப்பக்கமாக ஒரு சின்ன ஊரில், துப்பாக்கி சுடுவோர் சங்கத்துக்குச் சொந்தமான மண்டபம் இருந்தது. ஜெர்மனியில் நம்மவர்களின் விழாக்கள் பாதி இப்படிப்பட்ட மண்டபங்களில்தான் நடக்கும், வாடகை குறைவு, நிறுத்துமிடம் பெரிது. அங்கே ஒரு சாமத்தியவீட்டுக்கு, அதாவது நம் பக்கத்து மஞ்சள் நீராட்டுக்கு, அக்கா மேடை கட்டப் போயிருந்தார். தண்ணீர்க் குழாயைத் தேடித் தவறான கதவைத் திறந்தார். உள்ளே நாலைந்து ஜெர்மன் பெரியவர்கள் வரிசையாகக் குப்புறப் படுத்திருந்தார்கள். நானாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்தியிருப்பேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

சங்கத்தின் தலைவர் எழுபதைத் தாண்டியவர், பெரிய மீசை, காது மந்தம். வந்தவரை அவர் துரத்தவில்லை. மூன்று காலில் நின்ற ஒரு தொலைநோக்கியின் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொன்னார். முந்நூறு மீட்டர் தள்ளி இருந்த காகித இலக்கும் அதில் விழுந்த பொத்தலும் அக்காவின் மூக்குக்கு நேரே வந்து நின்றன.

"தம்பி, அவ்வளவு தூரத்திலை போய்ப் பட்டது, பட்ட இடம் வடிவாத் தெரியுது," என்று வீடு திரும்பும்வரை காரில் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ஒரு வீணை மாதிரிதான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஜெர்மனியில் துவக்கு வாங்குவது வீணை வாங்குவது மாதிரி இல்லை. சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷத்துக்குக் குறையாமல் ஒழுங்காகப் பழக வேண்டும். பாதுகாப்புப் பற்றிப் பரீட்சை எழுத வேண்டும். இவருக்குத் துவக்கு தேவைதான் என்று சங்கம் சொல்ல வேண்டும். பிறகு அந்த்ராக் போட வேண்டும், அதாவது விண்ணப்பம். இரும்புப் பெட்டகம் வீட்டில் இருக்க வேண்டும், அதன் எண் உரிமக்காரரைத் தவிர வேறு யாருக்கும், கட்டிய கணவருக்கும்கூட, தெரியக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தால்தான் உரிம அட்டை கிடைக்கும். ஆசைப்பட்ட அன்றே வாங்க முடியாத பொருளை அக்கா தன் வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தித்தார்.

காத்திருக்கும் காலத்தில் துவக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கினார். படுக்க ஒரு பாய், முழங்கைக்கு மெத்தை வைத்த கோட்டு, காதை மூடும் கருவி, காற்றின் வேகத்தைச் சொல்லும் கருவி. தொலைநோக்கி ஒன்று வந்தது, தலைவரே அதைத் தொட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். பெட்டகம் பீரோ அளவுக்கு இருந்தது, ஏழெட்டுத் துவக்குகள் நிற்கும். ஒன்றும் இல்லாமல் எதற்குக் காலியாகக் கிடக்க வேண்டும் என்று அதில் தன் கல்யாணக் கூறைச்சேலையை வைத்துப் பூட்டினார்.

"இந்த வீட்டிலை எனக்குத் தெரியாத ஒரு நம்பர்," என்றார் அண்ணை.

"சட்டமப்பா. நான் என்ன செய்யிறது?" என்றார் அக்கா.

அன்றுதான் அண்ணை டிவியை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இஞ்சேரும். எல்லாத்துக்கும் நல்லது எண்டு சொன்னனான். உதுக்குச் சொல்ல ஏலாது. அந்தச் சாமான் வீட்டுக்கை வாற அண்டைக்கு நான் இஞ்ச இருக்கமாட்டன்."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "உவர் எங்க தம்பி போகப்போறார், ரிமோட்டை விட்டிட்டு?"

பழகும் நாட்களில் சங்கத்தின் பழைய சிறிய துவக்கைத்தான் தந்தார்கள். பிடிக்காத வீட்டில் சாப்பிடுகிற முகத்தோடு அக்கா அதைத் தொட்டார். குறி ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் முதல் நாள் பாயில் படுத்ததுமே தலைவர் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். உடம்பு தரையோடு தரையாக ஒட்டிக்கிடந்தது, குதிகால்கூடத் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. அவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் பாதிப் பேருக்கு வராத படுக்கையாம் அது.

"எங்கே கற்றீர்கள்?" என்று கேட்டார் தலைவர்.

"பள்ளிக்கூடத்தில்," என்றார் அக்கா.

தலைவர் அசந்துபோனார். சின்ன வயதிலேயே பள்ளியில் இதைச் சொல்லித்தருகிற நாடும் இருக்கிறதே, இங்கே பிள்ளைகளுக்கு ஒழுங்காக உட்காரக்கூடத் தெரியவில்லையே என்று மற்றவர்களிடம் ரொம்ப நேரம் குறைபட்டுக்கொண்டார். அக்கா திருத்தவில்லை. காரில் வரும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

"சத்தம் கேட்டா மேசைக்குக் கீழ குப்புறப் படுக்கோணும். ரீச்சரும் படுப்பா. எங்கயிருந்து வருது, எங்க போய் விழப்போகுது, ஒண்டும் தெரியாது. நிலத்தை மட்டும் பாத்துக்கொண்டு கிடப்பம். இப்பவும் குப்புறத்தான் கிடக்கிறன் தம்பி. ஆனா இஞ்ச எங்கயிருந்து போகுது எண்டு எனக்குத் தெரியும். எங்க படுது எண்டும் பாக்கலாம்."

நான் வைப்பரைப் போட்டேன், மழையே இல்லை.

ஒரு வழியாக உரிமம் வந்தது. கடைக்குப் போனோம். கடைக்காரர் நேர்மையான மனிதர், அதுதான் அவருக்குச் சோதனையாகிவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர் என்று கேட்டதும் எளிய துவக்கு ஒன்றை எடுத்து வைத்தார். "இதில் இரண்டு மூன்று வருஷம் சுடுங்கள். இதன் குழல் தேயட்டும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று அதற்குப் பிறகு உங்களுக்கே தெரியும்."

"இதுக்கும் மேல?" என்றார் அக்கா.

அவர் அடுத்ததை எடுத்தார். இதுவே அதிகம் என்றார். "இதுக்கும் மேல?" கடைசியில் ஏணி போட்டு ஏறினார். போட்டிகளுக்குப் போகிறவர்கள் கடன் வாங்கி வாங்குகிற துவக்கு அது. பெயரையும் விலையையும் நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் எனக்கே மறுபடி வயிறு எரியும். இது உங்களுக்கு வேண்டாம், இதன் அருமையை அறிய உங்களுக்குப் பத்து வருஷம் ஆகும் என்று அந்த ஆள் கெஞ்சினார். விற்கிறவர் விலையைக் குறைக்கப் பார்ப்பதும் வாங்குகிறவர் ஏற்றிக்கொண்டே போவதுமாக அப்படியொரு பேரத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

"அக்கா, அவர் சொல்றது கரெக்ட்டுக்கா. பிகினர்ஸ்க்கு இது டூ மச்," என்றேன்.

"நீங்கள் சும்மா இருங்கோ தம்பி. கம்ப்யூட்டர் பழகேக்கை நீங்கள் என்ன சிலேட்டிலையே பழகினீங்கள்?"

அதன்பிறகு நடந்ததற்கு என்னையும் குற்றம் சொல்லலாம், தடுத்திருக்க வேண்டும். அக்கா துவக்கை இரண்டு கையிலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ட்யூப் லைட்டிலை ஒண்டும் தெரியேல்லை, வெளிச்சத்திலை பாக்கோணும்," என்று சொல்லிவிட்டு, சேலைக் கடையில் செய்வதுபோல, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். வெளியே சனிக்கிழமைச் சந்தை. கடைக்காரர் மேசையைத் தாண்டிக் குதித்ததை நான் கண்ணால் பார்த்தேன், அந்த வயதில் அந்த உயரம் எல்லோராலும் முடியாது. கைகளை விரித்துக் கதவை மறித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நிறம் பார்க்கத்தானே," என்றார் அக்கா, நிதானமாக. "எங்கள் ஊரில் வெளிச்சத்தில் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டோம்."

"கறுப்பு," என்றார் கடைக்காரர், மூச்சு வாங்க. "வெளிச்சத்திலும் கறுப்புத்தான்."

துவக்கு வீட்டுக்கு வந்த அன்று மாலை என் கதவு தட்டப்பட்டது. அண்ணை தலையணையும் ஒரு போர்வையும் ரப்பர் பேண்ட் போட்ட போனுமாக நின்றார். "தம்பி, உங்கட குசினிக்கை ஒரு சோபா கிடக்குதெல்லே," என்றார். நான் சமையலறைக்கு வழி விட்டேன். ஏதோ ஓரிரு நாள் கோபம் என்று நினைத்தேன். அவர் பல் துலக்கும் பிரஷ்ஷை என் பிரஷ்ஷின் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

அந்த வாரம் முழுவதும் நான் அந்தப் படிக்கட்டில் தூதனாக அலைந்தேன். அக்கா கீழிருந்து சோறும் மீன்குழம்பும் கொடுத்துவிடுவார். அண்ணை சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவித் துடைத்து என் கையில் தருவார். "சாப்பிட்டவரோ?" என்று கேட்பார் அக்கா. "உப்புக் கொஞ்சம் கூட எண்டு சொல்லுங்கோ," என்பார் அண்ணை. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் கோபமாக இருந்ததாகவே தெரியவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. கோபம் என்றால் தணியும், இது தணிகிற மாதிரி இல்லை.

ஒருநாள் காலை வேலை முடிந்து வந்தவரிடம், ஒரு மாடி இறங்கி வீட்டுக்குப் போனால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன்.

"அந்தச் சத்தத்துக்காக நான் ஒரு நாட்டையே விட்டிட்டு வந்தனான், தம்பி," என்றார் அண்ணை. "ஒரு மாடி ஏறுறது பெரிய வேலையே?"

கீழே போய் இதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவர் கறி கிண்டிக்கொண்டிருந்தார், கை நின்றது. "நானும் அதுக்காகத்தான் வந்தனான்," என்றார். "உவர் அந்தச் சத்தத்தைக் கேக்காமலே இருக்கோணும் எண்டுறார். நான் ஒருக்கா என்ர கையாலை கேக்கோணும் எண்டுறன். ரெண்டும் ஒண்டுதான். சொன்னா விளங்காது." பிறகு மறுபடி கிண்ட ஆரம்பித்தார்.

முதல் வெடிக்கு ஞாயிற்றுக்கிழமை காலை டெர்மின், அதாவது முன்பதிவு நேரம், கிடைத்தது. நண்பகல்வரைதான் அந்த முந்நூறு மீட்டர்த் தடம் எங்களுக்கு, அதை விட்டால் வாரக்கணக்கில் இல்லை. துவக்கைப் பெட்டியில் பூட்டி எடுத்துக்கொண்டு போனோம். தலைவர் கையை நீட்டினார், உரிம அட்டை. அக்கா கைப்பையைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"சாமிப்படத்தடியிலை," என்றார் என்னிடம்.

புது அட்டை வந்ததும் குங்குமம் வைத்து முருகன் படத்தின் காலடியில் வைத்திருக்கிறார். புதுக் காரின் சாவி, வீணையின் ரசீது, குடியுரிமைப் பத்திரம் எல்லாம் அவர் வீட்டில் அந்த வழியாகத்தான் வரும். இந்த அட்டை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அட்டை இல்லாமல் பெட்டியைத் திறக்க முடியாது என்றார் தலைவர். வழியில் போலீஸ் மறித்திருந்தால் உரிமமே போயிருக்கும் என்றும் சொன்னார். நான் காரில் போய் எடுத்துக்கொண்டு திரும்பினால் நண்பகல் தாண்டிவிடும். வீட்டிலிருந்து யாராவது ரயிலில் கொண்டுவந்தால் சரியாக இருக்கும்.

வீட்டிலிருந்து என்றால் ஒருவர்தான். இரவு வேலை முடிந்து என் குசினியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அவர் யோசித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பிறகு பேசினார், அரை நிமிடம்கூட இல்லை. "வாறாராம்," என்றார். எங்கள் இருவருக்குமே நம்பிக்கை இல்லை.

வந்தார். ரயிலும் பஸ்ஸும் பிடித்து, பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஏற்றத்தில் நடந்து, வேலைக்குப் போகிற ஜாக்கெட்டோடு, மாவு ஒட்டிய தலையோடு வந்தார். ரொட்டி சுற்றுகிற காகிதப் பைக்குள் அட்டை இருந்தது, குங்குமம்கூட அழியவில்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்.

"இது இல்லாட்டி உமக்குச் சுட ஏலாது, என்ன?"

"ஓம்."

"அப்ப பிடியும்." கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். "நான் காரடியிலை நிக்கிறன்."

உள்ளே போனோம். அக்கா பாயில் படுத்தார். தொலைநோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னார்கள் என்னை. காதை மூடியிருந்தும் அந்தச் சத்தம் என் பல்லில் இறங்கியது. இலக்கின் நடுப்புள்ளியில் ஒன்றும் இல்லை. கறுப்பு வட்டத்திலும் இல்லை. வெள்ளை ஓரத்தில், காகிதம் முடிகிற இடத்துக்குச் சற்று உள்ளே, ஒரு பொத்தல் இருந்தது.

அக்கா எழுந்து தானே வந்து பார்த்தார். உலகக் கோப்பையை வென்றவர் முகம்கூட அப்படி இருக்காது. "அந்தா! அதுதான்! இஞ்சயிருந்து போனது!" என்று என் தோளில் அடித்தார். துவக்கைத் தலைவரின் உதவியாளரிடம் விட்டுவிட்டு, அண்ணையிடம் சொல்லக் காரை நோக்கி ஓடினார். நானும் தலைவரும் பின்னால் போனோம்.

காரருகே அண்ணை இல்லை. பிறகுதான் பார்த்தோம். காருக்கும் வேலிக்கும் நடுவே, ஈரச் சரளைக் கல்லில், கைகளால் தலையை மூடிக்கொண்டு குப்புறக் கிடந்தார்.

தலைவர் நின்றுவிட்டார். மீசை துடித்தது. "இவருமா?" என்றார் மெதுவாக, நல்ல குதிரையைப் பார்த்தவர்போல. "குதிகாலைப் பாருங்கள். சங்கத்தில் சேர்வாரா என்று கேளுங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்கா சரளையில் முழங்காலிட்டு அண்ணையின் முதுகில் கையை வைத்தார். "எழும்புங்கோப்பா. அது நான்தான். நான்தான் சுட்டனான்."

"தெரியும்," என்றார் அண்ணை, தலையைத் தூக்காமல். "நீர்தான் எண்டு எனக்குத் தெரியும். ஆனா உடம்புக்குத் தெரியேல்லை."

பிறகு அவர் எழுந்து உட்கார்ந்தார். கன்னத்தில் சரளைக் கல் பதிந்திருந்தது. அக்கா அதை விரலால் தட்டிவிட்டார்.

"பட்டதோ?" என்று கேட்டார் அண்ணை.

"ஓம். ஓரத்திலை."

"நல்லது," என்றார் அண்ணை.

தடம் இன்னும் எங்களுடையதுதான், நேரம் இருந்தது. அக்கா உள்ளே போனார், துவக்கைத் துடைத்தார், பெட்டியில் வைத்துப் பூட்டினார். அடுத்த வாரமே கடைக்குக் கொண்டுபோனோம். பெட்டியைப் பார்த்ததும் கடைக்காரர் முதலில் போய்க் கதவின் பக்கத்தில் நின்றுகொண்டார். எத்தனை முறை சுட்டீர்கள் என்று கேட்டார். அக்கா சொன்னார். அவர் குழலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கான சீட்டை எழுத உட்கார்ந்தார். "பாத்தாச்சு," என்றார் அக்கா, தமிழில். மற்றச் சாமான்களையெல்லாம் அவர் அலுத்துப்போய்த்தான் விட்டார், இதை மட்டும் அலுக்காமல் விட்டார் என்பது கூடப் போன எனக்குத் தெரியும். திரும்பி வரும்போது காற்றின் வேகத்தைச் சொல்லும் கருவியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார்.

அண்ணை தலையணையோடு கீழே இறங்கினார். பெட்டகத்துக்குள் கூறைச்சேலை திரும்பப் போனது, எண் அண்ணைக்கும் தெரியும்.

தொலைநோக்கி மட்டும் நிலவறைக்குப் போகவில்லை. பால்கனியில் மூன்று காலில் நின்றது, தெருக்கோடியில் இருந்த டிராம் நிறுத்தத்தைப் பார்த்தபடி. நான் அந்த ஊரை விட்டுக் கிளம்புகிற வாரம், கார்ச் சாவியைக் கொடுக்கப் போனபோது மழை பெய்துகொண்டிருந்தது. அண்ணை வேலையிலிருந்து வருகிற நேரம். அக்கா கண்ணைத் தொலைநோக்கியில் வைத்து, வளையத்தை ஒரு மயிரிழை திருப்பினார்.

"இறங்கிட்டார்," என்றார். "இந்த மனிசன் தொப்பி போடேல்லை, தலையெல்லாம் நனைஞ்சிட்டுது. அந்தத் துவாயை எடுங்கோ தம்பி."